கீழ்காற்றில் மீன்பிடிக்கப் போனவள்

லிப்னா ஊரில் பனிக்காலத்தில் ரேடியோவில் வானிலை கேட்டு யாரும் ஏரிக்குப் போவதில்லை. ரேடியோ தார்த்து நகரத்துக்காரர்களுக்கு. லிப்னாக்காரர்கள் அகுலினாவின் வாசலைப் பார்ப்பார்கள். அவளுடைய சறுக்குவண்டி சுவரில் சாய்ந்து நின்றால் அன்றைக்கு மீன் இல்லை. எல்லோரும் திரும்பிப் போய் அடுப்படியில் உட்காரலாம். வண்டியைக் காணோம் என்றால் புழு டப்பாவையும், உறைந்த ஏரியில் துளை போடக் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

அகுலினாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. குட்டையான, அகன்ற தோள் கொண்ட பெண். பதினாறு வயதிலிருந்து கூட்டுறவு மீன் கொட்டகையில் மீன் பிரித்துப் பிரித்து விரல்கள் தடித்துப்போயிருந்தன. புருஷன் நகரத்து ஆள், மீன் வாசனையே ஆகாதவன். நல்லவன்தான். பத்து வருடம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. கொட்டகையை மூடிய பிறகு மற்றவர்களைப் போல அவளும் வெங்காயம் போட்டாள். பனி இறுகியதும் தூண்டிலை எடுத்தாள்.

காற்றை அவள் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, யாருக்கும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. கீழ்காற்று அடித்தால் வானம் கழுவி வைத்தது போல் இருக்கும், குளிர் எலும்பைத் தொடும், மீன் சேற்றில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடக்கும். மூக்குக்கு நேரே புழுவை ஆட்டினாலும் வாயைத் திறக்காது. வாடை வீசினால் சில்லறை மீன் வரும். காற்று தெற்கே திரும்பி, அப்புறம் தென்மேற்காகி, வானம் தாழ்ந்து, காது லேசாக அடைக்கிற மாதிரி இருந்தால், அதுதான் நேரம். பச்சை உடம்பும் கறுப்பு வரியும் சிவப்புச் செட்டையுமாகப் பெரிய பெர்ச் மீன்கள் பட்டினி கிடந்தவை போல மேலே ஏறி வரும்.

ஆனால் எங்கள் ஊர் பெய்ப்சி ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. மீனை எழுப்புகிற அதே தென்மேல் காற்றுதான் பனித்தளத்தைக் கரையிலிருந்து பிரித்து நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போவதும். அகுலினாவின் கெட்டிக்காரத்தனமெல்லாம் இந்த இடைவெளியில்தான் இருந்தது. காற்று திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் போவாள், அது வலுப்பதற்குள் எழுந்துவிடுவாள். அவள் எழுந்தால் பேச்சில்லாமல் எல்லோரும் எழுவார்கள். அவளைப் பார்த்து நடந்தவர்களில் ஒருவர்கூட அந்த ஏரியில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பனியில் மாட்டிக்கொண்டு நின்றதில்லை.

அந்த வருடம் பிப்ரவரியில் கீழ்காற்று பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அகுலினா மாடியில் வெங்காயச் சரங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே ஏரி முழுக்க வெறிச்சென்று கிடந்தது. அதில் ஒரு கறுப்புப் புள்ளி.

கீழே இறங்கியதும் தங்கை உஸ்தீனியாவிடம் சொன்னாள். உஸ்தீனியா பக்கத்து வீடு. நாளில் பாதி நேரம் அக்கா வீட்டுச் சமையலறையில்தான் இருப்பாள்.

"எவனோ தார்த்துக்காரப் பைத்தியம் ஏரியில உட்கார்ந்திருக்கான்டீ."

"பைத்தியந்தான், ஆனா நம்மூருப் பைத்தியம்" என்றாள் உஸ்தீனியா. "யெர்மில். ரெண்டு வருஷமா அப்படித்தான். கீழ்காத்து அடிச்சாத்தான் கிளம்புவாரு. நல்ல காத்து வந்தா கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கிடப்பாரு."

"ஏன்?"

"போய்க் கேளு. உனக்குத்தான் காத்தோட பாஷை எல்லாம் தெரியுமே."

யெர்மில் அடுப்புக் கட்டுகிறவர். எங்கள் தெருவில் பாதி வீட்டில் சுடுகிற செங்கல் அவர் கை வைத்ததுதான். அகுலினாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அப்போது "நீ", "வா" என்றுதான் பேசிக்கொண்டார்கள். பிறகு அவளுக்குக் கல்யாணம், அவருக்குக் கல்யாணம், அவர் மனைவியின் சாவு என்று நாள் ஓடியதில், எதிரே பார்த்தால் தலையசைத்து "நீங்க" என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது. சமீபத்தில் அவரை அதிகம் வெளியே காணோம் என்பதும் அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாளும் கீழ்காற்று. மறுநாளும் புள்ளி. வெங்காயத்தில் அவளுக்கு மனம் ஓடவில்லை. கம்பளிப் பூட்ஸை மாட்டிக்கொண்டு, சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு ஏரியில் இறங்கினாள்.

யெர்மில் காற்றுக்கு முதுகைக் காட்டி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். நெட்டையான ஆள், குளிரில் இரண்டாக மடிந்தது போல் இருந்தார். அவளைப் பார்த்ததும் வலது கையைக் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டார்.

"என்ன பிடிக்கிறீங்க?" என்றாள்.

"சளி" என்றார்.

அகுலினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு துளை போட்டு, வண்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.

அவர் தூண்டில் கொக்கியில் புழு இல்லை, வெறும் கொக்கி தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அவள் கவனித்தாள். அவள் கவனித்ததை அவரும் கவனித்தார்.

"கோர்க்க வரல" என்றார் ஏரியைப் பார்த்துக்கொண்டே. கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்து முழங்காலில் வைத்தார். கை தானாக ஆடியது, காற்றில் காயப்போட்ட துணி போல. "முதல்ல ஸ்பூன் ஆடிச்சு. அப்புறம் கொத்துக்கரண்டி. இப்ப சட்டைப் பொத்தான்கூடப் போட முடியல."

"டாக்டர்?"

"மாத்திரை குடுத்தாரு. மாத்திரையை எடுத்து வாயில போடறதுக்குள்ள கீழ விழுந்துடுது."

"அதுக்குத்தான் கீழ்காத்துல வர்றீங்களா?"

"நல்ல காத்துன்னா ஊரே இங்கதானே இருக்கு. ஒருத்தன் புழு கோர்த்துத் தருவான், ஒருத்தன் துளை போட்டுத் தருவான். தெரெந்தி ஒருத்தன் போதும், தோளைத் தட்டித் தட்டியே ஆளைக் கொன்னுடுவான். வீட்டுலயும் உட்கார முடியல. இங்க மீனும் இல்ல, மனுஷனும் இல்ல. நிம்மதியா இருக்கு."

"நான் வந்து கெடுத்துட்டேன்."

அவர் தன் துளையைச் சுற்றியிருந்த பனித்தூளைக் காலால் ஒதுக்கி, அவள் வண்டியைக் காற்று படாத பக்கமாக நகர்த்திக்கொள்ள இடம் விட்டார்.

மறுநாள் அவள் மறுபடி போனாள். ஒரு குடுவையில் சிக்கரி காப்பியும், துணியில் சுற்றிய வெங்காயப் பணியாரமும். மீன் ஒன்றும் மாட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் மைப்புட்டியைக் கொட்டியது யார் என்று நாற்பது வருடத்துக்குப் பிறகு சண்டை போட்டார்கள். மதியம் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது தான் பாடிக்கொண்டிருப்பதை அகுலினாவே தாமதமாகத்தான் உணர்ந்தாள்.

அதற்கடுத்த நாள்தான் வினை வந்தது. அவள் வாசலில் வண்டியைக் காணாமல் ஊருக்குள் சலசலப்பு. கீழ்காற்றில் அகுலினா தொடர்ந்து போகிறாள் என்றால் அங்கே என்னவோ இருக்கிறது. விடிந்து பார்த்தால் அரை ஊர் அவள் பின்னால் ஏரிக்கு வந்துகொண்டிருந்தது. முன்னால் டிராக்டர்க்காரன் தெரெந்தி, இரண்டு பெட்டி, மூன்று தூண்டிலோடு. வந்து சுற்றிச் சுற்றித் துளை போட்டார்கள். பனி சல்லடைபோல் ஆயிற்று. யெர்மில் மெதுவாகத் தூண்டிலின் தங்கூசி நரம்பைச் சுருட்டினார். சுருட்டும்போதே அது விரல்களில் சிக்கிக்கொண்டது. யாரும் பார்ப்பதற்குள் அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டு கரைக்கு நடந்தார். அந்த நீளமான முதுகு போவதை அகுலினா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மதியம் வரை ஒருவருக்கும் ஒரு மீனும் இல்லை.

"அகுலினாக்கா" என்றான் தெரெந்தி, மீசையில் தொங்கிய பனியை உடைத்துக்கொண்டே. "மீன் எங்கக்கா? உன் பின்னால வந்ததுக்கு மூக்கு ஒண்ணுதான் கழண்டு விழப்போகுது."

அவள் நினைத்திருந்தால் நூறு சாக்குச் சொல்லியிருக்கலாம். நாளைக்குக் காற்று திரும்பும் என்று பார்த்தேன், காற்றழுத்தம் மாறும் போலிருந்தது, எதையாவது. எல்லோரும் தலையாட்டி, நாளைக்கும் வந்திருப்பார்கள்.

"எனக்கே தெரியலடா" என்றாள். "இந்த வருஷம் காத்து எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. வயசாச்சுல்ல. இனி என்னைப் பார்த்து வராதீங்க. ரேடியோவைக் கேளுங்க."

தெரெந்தி ஒரு நிமிடம் அவளையே பார்த்தான். அவனுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. அவள் தோளைத் தட்டினான், இரண்டு முறை. சாயங்காலத்துக்குள் கடை, ஜெபக் கூடம், பேருந்து நிறுத்தம் எல்லா இடத்திலும் செய்தி பரவிவிட்டது: அகுலினாவுக்குக் காற்று விட்டுப்போச்சு, பாவம்.

உஸ்தீனியா கொதித்துக்கொண்டு வந்தாள். "முப்பது வருஷத்துப் பேரை ஒரு நாள்ல ஏரியில கொட்டிட்டு வந்திருக்கியே, உனக்கென்ன மூளை உறைஞ்சு போச்சா?"

"பேரை வச்சுக் குழம்பா வைக்கப் போறேன்?" என்றாள் அகுலினா. மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக மாவு எடுத்திருப்பதைத் தங்கை பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு அவளும் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் ஏரியில் அகுலினாவைத் தவிர யாரும் இல்லை. அதற்கடுத்த நாள் காலை யெர்மில் வந்தார். அவள் அருகே பெட்டியை வைத்து உட்கார்ந்தார்.

"காத்து விட்டுப்போச்சுன்னு பொய் சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"எதுக்கு?"

"காப்பி ஆறுது, குடிங்க."

குடுவை மூடியில் பாதிதான் ஊற்றிக் கொடுத்தாள். முழுதாக ஊற்றினால் சிந்தும், சிந்தினால் அவர் குடிக்கமாட்டார். அன்றுமுதல் அவருடைய கொக்கிக்கு அவளே புழு கோர்த்தாள். கேட்டும் கோர்க்கவில்லை, சொல்லியும் கோர்க்கவில்லை. தன்னுடையதற்குக் கோர்க்கும்போது அதற்கும் சேர்த்துக் கோர்த்தாள்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் காலையும் கீழ்காற்றுதான். கரையில் யாரும் அசையவில்லை. இவர்கள் இருவர் மட்டும் வழக்கத்தைவிடச் சற்று உள்ளே போய் உட்கார்ந்திருந்தார்கள். நண்பகலுக்குக் காற்று நின்றது. அகுலினா தலையைத் தூக்கினாள். கரையில் வீடுகளின் புகை செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொன்றாக வடக்கே சாய ஆரம்பித்தது. கன்னத்தில் ஈரமாக ஏதோ தொட்டது. காது அடைத்துக்கொண்டது. காலுக்கடியில் பனி நீளமாக ஒரு முனகல் முனகிற்று.

எழுந்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கீழ்காற்று இத்தனை நாள் பனியைக் கரையோடு அழுத்தி வைத்திருந்தது. அது கையை எடுத்துவிட்டது. மேல்காற்று வலுத்தால் தளம் கழன்றுகொள்ளும். வாயைத் திறந்து "கிளம்பலாம்" என்று சொல்லப்போனாள்.

அப்போதுதான் யெர்மிலின் தூண்டில் வளைந்தது.

அவர் திகைத்துப்போய் இழுத்தார். கையளவு பெர்ச் பனியில் விழுந்து துள்ளியது. அவள் கொக்கியைக் கழற்றிப் புழு கோர்த்துக் கொடுத்தாள். போட்ட உடனே அடுத்தது. பிறகு அதைவிடப் பெரியது. அவளுடைய தூண்டிலும் தண்ணீரில்தான் இருந்தது, பக்கத்துத் துளையில், அதே புழுவோடு. அதைச் சீந்த ஆளில்லை.

"என்னது இது?" என்றார் யெர்மில். "உங்களதை ஏன் தொடல?"

அகுலினா அவர் கையைப் பார்த்தாள். விரல்கள் ஆடின, தங்கூசி ஆடியது, ஆழத்தில் கொக்கி முனையில் புழு இடைவிடாமல், மெலிதாகத் துடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"தார்த்துக்காரனுங்க இந்த ஆட்டம் வரணும்னு வருஷக்கணக்கா மணிக்கட்டைப் பழக்கறாங்க" என்றாள். "உங்களுக்குச் சும்மா வருது. எனக்கு எரிச்சலா இருக்கு."

யெர்மில் சிரித்தார். அவர் சிரித்து அவள் கேட்டது பள்ளிக்கூடத்தோடு சரி. தொண்டையிலிருந்து பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். மீன் வந்துகொண்டே இருந்தது. அவர் கையை ஒளிக்கவில்லை. நீட்டி, நடுங்கவிட்டு, அது செய்கிற வேலையை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மீன், என்று அகுலினா தனக்குள் சொல்லிக்கொண்டாள். இன்னும் ஒன்று. முதுகில் காற்று ஏறிக்கொண்டே வந்தது. அவள் வாழ்க்கையில் முதல் முறையாக, தெரிந்தே உட்கார்ந்திருந்தாள்.

தூரத்தில், கரைப் பக்கம், பெரிய கதவை அறைந்தது போல் ஒரு சத்தம் கேட்டது.

"போதும், எழுந்திருங்க" என்றாள்.

கரையை நெருங்கியபோது அவர்களுக்கும் கரைக்கும் நடுவே கறுப்பாகத் தண்ணீர் கிடந்தது. ஒரு வண்டிப்பாதை அகலம். பார்க்கப் பார்க்க அகன்றது. அந்தப் பக்கம் வீடுகள் தெரிந்தன, துணிக்கொடி தெரிந்தது.

அகுலினா தண்ணீரைப் பார்க்கவில்லை, காற்றைப் பார்த்தாள். தென்மேற்கிலிருந்து வருகிறது, தளத்தை வடகிழக்கே தள்ளும். வடக்கே கல்முனை என்ற பாறை முனை ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முனையை உரசிக்கொண்டுதான் தளம் போயாக வேண்டும். உரசுகிற வரைக்கும் அங்கே வழி இருக்கும்.

"கல்முனைக்கு" என்றாள்.

காற்று முதுகில் தள்ள நடந்தார்கள். யெர்மிலின் கால் சீக்கிரமே பின்ன ஆரம்பித்தது.

"நீங்க போங்க" என்றார். "நான் மெதுவா வர்றேன்."

"வண்டியில உட்காருங்க."

"மாட்டேன். பொம்பளை இழுத்து ஆம்பளை..."

"யெர்மில், உட்காரு" என்றாள்.

நாற்பது வருடத்துக்குப் பிறகு வந்த அந்த "உட்காரு" அவரை உட்கார வைத்துவிட்டது. மடியில் மீன் பையைக் கட்டிக்கொண்டு, முழங்கால் முகவாயில் இடிக்க, குழந்தை போல் உட்கார்ந்தார். அவள் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தாள்.

"கனமா இருக்கேனா?" என்றார் பின்னாலிருந்து.

"மீன்தான் கனம். நீ ஒண்ணுமே இல்ல. சாப்பிடறியா இல்லையா வீட்டுல?"

கல்முனையில் பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு இடத்தில், கரைப்பனிக்கும் தளத்துக்கும் நடுவே ஆள் நீளத்துக்கும் குறைவான சந்து. அகுலினா சறுக்குவண்டியைக் குறுக்கே போட்டாள். யெர்மில் முதலில் மீன் பையைத் தூக்கி அந்தப் பக்கம் எறிந்தார்.

"உயிரைவிட மீன் முக்கியமா?"

"ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் பிடிச்சிருக்கேன்" என்றார்.

அவரை முன்னால் விட்டாள். குப்புறப் படுத்து, நடுங்குகிற கையால் சட்டத்தைப் பற்றிப் பற்றி ஊர்ந்தார். வண்டி கடகடவென்று அடித்துக்கொண்டது, அது அவர் கையாலா தளம் நகர்வதாலா என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் சேர்ந்ததும் திரும்பிப் படுத்து, இரண்டு கையையும் அவளுக்கு நீட்டினார். அவள் பாதி தாண்டியபோது வண்டியின் பின்முனை தண்ணீருக்குள் சரிந்தது. முழங்கால் வரை நனைந்தாள். ஆனால் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கை ஆடியது. பிடி மட்டும் ஆடவில்லை.

கரைச் சரிவில் தெரெந்தி படகை இழுத்துக்கொண்டு வந்தான், கூடவே உஸ்தீனியா, தலைத்துணி அவிழ்ந்து, அழுது முகம் வீங்கி. மாடி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"நிஜமாவே காத்து விட்டுப்போச்சாக்கா உனக்கு" என்றான் தெரெந்தி மெதுவாக. தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினான்.

"ஆமாடா" என்றாள்.

வீட்டில் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, உஸ்தீனியா கதவைச் சாத்திவிட்டு எதிரே நின்றாள்.

"காத்து எப்ப திரும்பிச்சு?"

"மத்தியானம்."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டீ உட்கார்ந்திருந்த?"

அகுலினா வெந்நீரைப் பார்த்தாள். "அவருக்கு மீன் மாட்டிக்கிட்டிருந்துச்சு" என்றாள்.

உஸ்தீனியா ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. எட்டாம் நாள் பணியாரம் கொண்டுவந்து மேசையில் டொக்கென்று வைத்தாள். "ஒண்ணு அந்தக் கிறுக்குக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மாதமே இன்னும் இரண்டு முறை நல்ல காற்று வந்தது. கரையோரப் பனி அப்போதும் திடமாகத்தான் இருந்தது. யெர்மில் வந்தார், ஊராருக்கு நடுவே உட்கார்ந்தார். அகுலினா எல்லோர் கண்முன்னாலும் அவர் கொக்கிக்குப் புழு கோர்த்தாள். தெரெந்தி வாயைத் திறந்தபோது அவன் மனைவி முழங்கையால் இடித்தாள். கொஞ்ச நேரத்தில் யெர்மிலின் பக்கத்தில் மீன் குவிந்துவிட்டது. அதைப் பார்த்துத் தெரெந்தியும் தன் கையை வேண்டுமென்றே ஆட்டிப் பார்த்தான், தங்கூசி சிக்கல் விழுந்தது.

மே மாதம் வெங்காய நடவு முடிந்த பிறகு ஒரு மத்தியானம் யெர்மில் தன் துணிப்பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவோடு தள்ளிக்கொண்டு வந்தார். ஜெபக் கூடத்துப் பெரியவர் இந்த வயதில் எதற்கு இதெல்லாம் என்று முணுமுணுத்தார், ஆனால் கல்யாணத்துக்கு வேண்டியதைப் படித்து வைத்தார். அகுலினா அறையைக் கூட்டி, கட்டிலை இழுத்துப் போட்டிருந்தாள். இருவரும் அதன் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"எந்தப் பக்கம் வேணும் உனக்கு?" என்றாள்.

"சுவர் ஓரமா."

"அது என் பக்கம்."

"அப்ப எதுக்குக் கேட்ட?"

"கேட்கணும்ல."

யெர்மில் துணிப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "நான் தூங்கும்போது கை ஆடாது" என்றார். "டாக்டர் சொன்னாரு. ஆனா குறட்டை உண்டு."

"தெரியும்" என்றாள் அகுலினா, தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே. "ஏரியிலேயே ரெண்டு தரம் தூங்கினியே."